பன்னிரண்டு மாதமும் ஒரே சனிக்கிழமை

யசோதாவுக்கு அழுக்கு ஆகாது. கோவிந்தராஜன் இதைக் கல்யாணமான மூன்றாம் நாளே தெரிந்துகொண்டார். காலையில் எழுந்து பார்த்தால் அவருடைய ஆட்டோவின் ஸ்டெப்னி டயர் சோப்புப் போட்டுக் கழுவப்பட்டுச் சுவரோரம் காய்ந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து இருபத்தாறு வருஷமாக அவர் வாசல் குழாயில் காலைக் கழுவாமல் வீட்டுக்குள் நுழைந்ததில்லை.

பெங்களூர் மர்பி டவுனில் அவர்கள் குடியிருக்கும் சந்தில் ஒரு ஆட்டோ நின்றால் எதிரே வருகிறவர் பக்கவாட்டில்தான் நடக்க வேண்டும். அந்தச் சந்தில் யசோதாவின் வாசலுக்கு முன்னால் மட்டும் சிமெண்ட் வேறு நிறத்தில் இருக்கும். அது தேய்த்துத் தேய்த்து வந்த நிறம். பக்கத்து வீட்டுக்காரர்கள் அந்த இடத்தை மிதிக்காமல் தாண்டிப் போவார்கள். மரியாதையா பயமா என்று கேட்டால் இரண்டும்தான்.

இப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் அட்டெண்டராக விட்டால் என்ன ஆகும்? கண்ணாடிக் குடுவைகள் மின்னும். தவளை அறுக்கிற மேஜையில் உட்கார்ந்து இட்லி சாப்பிடலாம். மாணவர்கள் உள்ளே வரும்போது பேச்சைக் குறைப்பார்கள். பத்தொன்பது வருஷமாக இதுதான் நடந்தது. யசோதா தமிழ், கன்னடம், தக்னி உருது, பிழைப்புக்கு வேண்டிய இங்கிலீஷ் என்று நாலு பாஷை பேசுவாள். திட்டுவது மட்டும் தமிழில். பாஷை புரியாத பிள்ளைகளும் அந்தத் திட்டுக்கு அடங்கிவிடுவார்கள்.

வேலை மட்டும் நிரந்தரமில்லை. ஒப்பந்தம்தான். ஒவ்வொரு ஜூன் மாதமும் துறைத்தலைவர் சீதாலட்சுமி மேடம் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் இன்னொரு வருஷம். பத்தொன்பது தடவை போட்டிருக்கிறார். இருந்தாலும் மே மாதம் வந்தால் யசோதாவுக்குத் தூக்கம் சரியாக வராது. அந்த ஆய்வகம் இல்லாமல் வேறு எங்கே போய் எதைக் கழுவுவது என்று அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அங்கே விரிவுரையாளராக இருந்தவர் ப்ரஹ்லாத் சார். கன்னடக்காரர், நாற்பத்து நாலு வயது, ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத மனுஷர். ஆனால் ஏழு வருஷமாகப் பி.எச்.டி. பண்ணிக்கொண்டிருந்தார். முதல் மூன்று வருஷம் தலைப்பைத் தேடினார். அடுத்த இரண்டு வருஷம் கிடைத்த தலைப்பை மாற்றினார். கடைசியாக ஹெப்பகோடியைத் தாண்டி, அத்திபெலே போகிற வழியில், தைலமரத் தோப்புக்குப் பின்னால் ஒரு பாறைக்குன்றின் அடியில் இருக்கும் ஊற்றில் வந்து நின்றார். அந்த ஊற்றுத் தண்ணீருக்குள் என்னென்ன பூச்சி, புழு, நத்தை எந்தெந்த மாதத்தில் எத்தனை இருக்கிறது என்பதுதான் ஆராய்ச்சி. மாதம் ஒரு தடவை போய் வலையில் வாரி, வந்ததை அப்படியே சேறும் இலையுமாகப் பாட்டிலில் போட்டு ஸ்பிரிட் ஊற்றி மூடி, கல்லூரிக்குக் கொண்டுவருவார். பன்னிரண்டு பாட்டிலும் சேர்ந்த பிறகு ஒரே மூச்சாக எண்ணிவிடலாம் என்பது அவர் திட்டம். ஒரே மூச்சாகச் செய்யலாம் என்று அவர் தள்ளிப்போட்ட வேலைகள் நிறைய உண்டு.

இரண்டு மூன்று தடவை வலையைப் பிடிக்க யசோதாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார். அவள் வலையை அலசிக்கொண்டிருக்கும்போதே பாட்டிலை மூடிப் பைக்குள் போட்டுவிடுவார், அவள் அதைப் பார்த்ததில்லை. அங்கே இருந்த உயிர்களுக்கெல்லாம் அவர் சொன்ன லத்தீன் பெயர்கள் அவள் வாயில் நிற்கவில்லை. அவளாகப் பெயர் வைத்துக்கொண்டாள். மணலை ஒட்டிக் குழாய் மாதிரி ஒரு கூடு கட்டி அதற்குள் உடம்பை வைத்துக்கொண்டு நடக்கும் புழு கோட்டுக்காரன். கல்லுக்கடியில் ஒட்டிக்கொண்டு மூன்று வாலை ஆட்டுவது மூணுவாலு. தட்டையாக, இரண்டு கண்ணும் ஒன்றை ஒன்று பார்ப்பதுபோல இருந்தது மாறுகண்ணு. தட்டானாக மாறுவதற்கு முன்னால் தண்ணீருக்குள் கிடந்து கண்ணில் பட்டதையெல்லாம் பிடித்துத் தின்னும் குஞ்சு ரவுடி. நத்தை மட்டும் நத்தையாகவே இருந்தது.

பாட்டில்கள் விஷயத்தில்தான் விதி விளையாடியது. கல்லூரி நல்ல பாட்டில் தராததால் ப்ரஹ்லாத் சார் வீட்டிலிருந்து பழைய ஊறுகாய் பாட்டில்களைக் கொண்டுவந்திருந்தார். அவற்றை ஆய்வகத்தின் கீழ்த்தட்டில், ஒரு பழைய திரைச்சீலைக்குப் பின்னால், யாரிடமும் சொல்லாமல் அடுக்கியிருந்தார். பாட்டிலுக்கு வெளியே ஒரு எழுத்தும் கிடையாது. மாதத்தின் பெயரைப் பென்சிலில் ஒரு காகிதத் துண்டில் எழுதி உள்ளேயே போட்டுவிடுவது அந்தத் தொழிலின் வழக்கம். மை என்றால் ஸ்பிரிட்டில் கரைந்துவிடும், பென்சில் நிற்கும்.

அந்த அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. பெங்களூரில் ஆயுத பூஜை என்றால் பஸ்ஸுக்கும் மாலை, கம்ப்யூட்டருக்கும் குங்குமம். ஆய்வகம் விலக்கா? மைக்ராஸ்கோப்புகளுக்கெல்லாம் சந்தனப் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து, பிரின்சிபால் வந்து மங்களாரத்தி காட்டுவார். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் கல்லூரியில் வியாழக்கிழமையே பூஜை. புதன்கிழமை சீதாலட்சுமி மேடம் ஒரு சர்க்குலர் ஒட்டினார். பழைய பாட்டில்கள், நாற்றமெடுக்கும் பொருள்கள் எல்லாம் பூஜைக்கு முன் அகற்றப்பட வேண்டும் என்று கையெழுத்துப் போட்டு. ப்ரஹ்லாத் சார் குடும்பத்தோடு மைசூர் தசராவுக்குப் போய்விட்டார்.

யசோதா திரைச்சீலையை விலக்கினாள். பன்னிரண்டு ஊறுகாய் பாட்டில்கள், உள்ளே பழுப்புத் தண்ணீரில் அழுகின இலை. திறந்தால் குடலைப் பிடுங்குகிற வாசனை. யாரோ ஃபர்ஸ்ட் இயர் பிள்ளைகள் ஊறுகாய் தின்றுவிட்டுக் குப்பையைத் திணித்து வைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டி, அவர்களுடைய வம்சத்தை இரண்டு நிமிஷம் விசாரித்தாள். பிறகு வேலையில் இறங்கினாள். தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினாள். இலையையும் சேற்றையும் ஈரக்குப்பை வாளியில் போட்டாள். இந்த ஊரில் ஈரக்குப்பை, உலர்குப்பை பிரிக்காவிட்டால் வண்டிக்காரன் எடுக்க மாட்டான். யசோதா பிரிப்பதைப் பார்த்து வண்டிக்காரனே வணக்கம் சொல்லுவான். பாட்டில்களை வெந்நீரில் போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்தாள்.

காகிதத் துண்டுகளை மட்டும் அவள் எறியவில்லை. எழுத்து எழுதின காகிதத்தைக் குப்பையில் போட அவளுக்கு எப்போதுமே மனசு வராது, சரஸ்வதி பூஜை நேரத்தில் கேட்கவே வேண்டாம். பன்னிரண்டையும் ஜன்னல் கட்டையில் வரிசையாகக் காயவைத்தாள். அப்போது ஒன்றைக் கவனித்தாள். அதில் நாலு துண்டுகள் ஒரே காலண்டர் தாளிலிருந்து கிழித்தவை, ஓரத்தோடு ஓரம் வைத்தால் சரியாகப் பொருந்தின. இந்தப் பிள்ளைகளுக்குக் காகிதத்தைக்கூட நேராகக் கிழிக்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.

பூஜை அமர்க்களமாக நடந்தது. கவிழ்த்து வைத்த பன்னிரண்டு பாட்டிலுக்கும் யசோதா தன் கையாலேயே குங்குமம் வைத்தாள். பொரி வாங்க வந்த ஆராய்ச்சி மாணவி தர்ஷினி அந்த பாட்டில்களைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"ஆன்ட்டி, இது ப்ரஹ்லாத் சாரோட பாட்டில்தானே. உள்ள இருந்த ஒரு வருஷ சாம்பிள் எங்க?"

யசோதாவுக்குக் கையிலிருந்த பொரி ஈரமாகிவிட்டது. ஈரக்குப்பை வண்டி முந்தின நாளே போய்விட்டது. அதற்குள் எங்கேயோ உரமாக ஆரம்பித்திருக்கும்.

"பத்திரமா எட்த்து வெச்சிருக்கேன்மா," என்றாள். பத்தொன்பது வருஷத்தில் அந்த ஆய்வகத்தில் அவள் சொன்ன முதல் பொய் அது. அதன் பிறகு கணக்கு வைத்துக்கொள்ள முடியவில்லை.

அன்று வீட்டுக்குப் போய் அழுதாள். ஏழு வருஷம் இழுத்துக்கொண்டிருக்கிற மனுஷரின் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டாயிற்று. விஷயம் தெரிந்தால் ஜூனில் கையெழுத்தும் கிடையாது. கோவிந்தராஜன் கேட்டுக்கொண்டே காபி குடித்து முடித்தார்.

"ஊத்து அங்கியேதான கீது?" என்றார்.

"அதுக்கு?"

"பூச்சியும் அங்கியேதான இருக்கும். போயி அள்ளிகினு வந்து ஊத்திடு. எந்தப் பூச்சி மூஞ்சில ஏப்ரல், மேன்னு எழுதிக்கீது?"

யசோதா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இந்த மனுஷனுக்குள் இவ்வளவு மூளை இருபத்தாறு வருஷமாக எங்கே இருந்தது என்று அவளுக்கு ஆச்சரியம்.

சனிக்கிழமை விஜயதசமி. கல்வி தொடங்க நல்ல நாள். யசோதாவின் விலங்கியல் படிப்பு அன்று காலை ஏழு மணிக்கு, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி முன்னால் சாமந்தி மாலை தொங்கும் ஆட்டோவில், ஓசூர் ரோட்டில் தொடங்கியது. சில்க் போர்டு சந்திப்பில் ஒரு டிராபிக் போலீஸ்காரர் ஆட்டோவை நிறுத்தி, எந்தக் கோயிலுக்கு என்று கேட்டார். "கங்கம்மா," என்றார் கோவிந்தராஜன். முழுப் பொய்யும் இல்லை.

ஊற்று சின்னதுதான். பாறை இரண்டாகப் பிளந்த இடத்தில் ஒரு அண்டா அளவு குழி, அதன் அடியில் வெள்ளை மணல். மணலில் நாலைந்து இடத்தில் தண்ணீர் கீழிருந்து தள்ளிக்கொண்டு வரும்; அங்கெல்லாம் மணல் சும்மா இருக்காமல் கொதிக்கிற பால் மாதிரி குதித்துக்கொண்டே இருக்கும். குழி நிறைந்து ஒரு முழ அகல ஓடையாகக் கல்லுகளுக்கிடையே இறங்கிப் போகிறது. காலை வைத்தால் காலை நேரத்தில் வெதுவெதுப்பு, மத்தியானம் குளிர்ச்சி. தண்ணீர் மாறவில்லை, வெளியே இருக்கும் நாம்தான் மாறுகிறோம் என்று ப்ரஹ்லாத் சார் ஒருமுறை விளக்கியிருந்தார்.

யசோதா புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினாள். ஓடையில் வலையை நிறுத்தி, அதற்கு மேல்பக்கம் கல்லைக் காலால் கிளறினாள். வந்ததை வெள்ளைத் தட்டில் கொட்டினாள். முதல் பார்வைக்கு வெறும் குப்பை. கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால் குப்பை நடக்க ஆரம்பிக்கும். ஒரு மணல்துண்டு எழுந்து தலையை நீட்டி நாலு காலடி வைத்துத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். இலை நரம்பு என்று நினைத்தது மூன்று வாலை விரிக்கும். ரேஷன் அரிசியில் கல் பொறுக்கி வளர்ந்த கை அவளுடையது. ஃபோர்செப்ஸ் கூடத் தேவைப்படவில்லை, ஒரு துண்டு வாழைநாரில் எல்லாவற்றையும் ஏந்தி எடுத்தாள்.

முதல் கோட்டுக்காரனை ஸ்பிரிட்டில் விடும்போதுதான் கை நின்றது. கழுவி ஊற்றியவை ஏற்கெனவே செத்தவை. இது நடந்துகொண்டிருக்கிறது. தனக்காக அது எதற்குச் சாக வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் ஜூன் மாதமும் தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டு விட்டாள். அதன் பிறகு பொறுக்கியதில் அவளுக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

அவள் செய்த தப்பு அதற்கப்புறம்தான். பன்னிரண்டு பாட்டிலையும் பாறையில் வரிசையாக வைத்தபோது அது அவளுக்குப் பந்தியாகத் தெரிந்தது. பந்தி என்றால் வஞ்சனை கூடாது. ஒரு இலையில் இரண்டு வடையும் இன்னொரு இலையில் ஒன்றும் வைத்த பெயர் யசோதாவுக்குக் கிடையாது. ஆளுக்கு எட்டுக் கோட்டுக்காரன், பதினொரு மூணுவாலு, நாலு நத்தை, மூன்று மாறுகண்ணு, ஒரு ரவுடி என்று எண்ணி எண்ணிப் பரிமாறினாள். கடைசியில் ரவுடி ஒன்று குறைந்தது.

"டிசம்பருக்கு வாணாம், வுடு," என்றார் கோவிந்தராஜன்.

"அதெப்டி. டிசம்பர் இன்னா பாவம் பண்ணிச்சு?"

அவர் முக்கால் மணி நேரம் குனிந்து கல்லைப் புரட்டி, விரலில் ஒரு கடியும் வாங்கிக்கொண்டு, பன்னிரண்டாவது ரவுடியைக் கொண்டுவந்தார். அப்படிக் குனிந்தபோது அவர் கழுத்தில் போட்டிருந்த பூஜைச் சாமந்தியிலிருந்து இதழ்கள் தட்டில் உதிர்ந்தன. யசோதா தெரிந்ததை எடுத்தாள். தெரியாதது பாட்டில்களுக்குள் போனது. இலை, சேறு, ஸ்பிரிட், மேலே அந்தந்த மாதத்துக் காகிதத் துண்டு. திங்கட்கிழமை காலையில் திரைச்சீலைக்குப் பின்னால் பன்னிரண்டு மாதமும் அட்டென்ஷனில் நின்றன.

ப்ரஹ்லாத் சார் ஒரே மூச்சாக எண்ண ஆரம்பிக்க ஜனவரி ஆகிவிட்டது. எண்ணி முடித்த அன்று மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்து, ஆய்வகத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். யசோதா ஸ்டூலைத் துடைப்பதுபோல அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் அது வெளுத்தது. பிறகு மெதுவாக மலர்ந்தது.

"யசோதம்மா, ஸ்வல்ப இங்க வாங்க. நோடி," என்று கம்ப்யூட்டரைக் காட்டினார். திரையில் ஐந்து கோடுகள், கோடு போட்ட நோட்டு மாதிரி, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஏறாமல் இறங்காமல் போயின. "ஒரு வருஷமா ஒண்ணுமே மாறல. எட்டு, எட்டு, எட்டு. ஊத்துல தண்ணி சூடு மாறாது, அதனால உள்ள இருக்கிற ஜீவனும் மாறாதுன்னு சொல்லுவாங்க. இவ்வளவு சுத்தமா யாருமே காட்டினது இல்ல."

சுத்தம் என்ற வார்த்தையைக் கேட்டு யசோதா வாழ்க்கையில் முதல்முறையாகக் கூசினாள்.

பயம் போனது. ஆனால் அதற்குப் பதிலாக வேறு ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. மனுஷர் ஏழு வருஷத்தில் இல்லாத சந்தோஷத்தில் இருந்தார். மாணவர்களுக்கு வருகைப் பதிவில் இரக்கம் காட்டினார். நடைவழியில் பாடினார். மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை வெளியூர் நிபுணர்கள் வந்து அவர் ஆராய்ச்சியைக் கேட்கப்போகிறார்கள், அதன் பிறகு தீசிஸ்தான், டாக்டர்தான். நிபுணர்கள் முன்னால் இந்த எட்டு எட்டைக் காட்டினால் எவனாவது ஒருத்தன் சிரிக்காமல் இருப்பானா?

அவராகவே கண்டுபிடித்துவிட்டால் நல்லது என்று அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துப் பார்த்தாள்.

"சார், ஏப்ரல்ல அந்த ஊத்து எளச்சுப்போயி நூலாட்டம் ஒழுகிச்சே. அப்பவும் அதே எட்டா?"

"அதான் யசோதம்மா விசேஷம். பூச்சிக்குக் காலண்டரே இல்ல."

"ஒரு வருஷம் முன்னாடி புடிச்சது இவ்ளோ ஃபிரெஷ்ஷா கீதே சார்."

"நான் ஸ்பிரிட் ஊத்தற கை அப்படி."

சாமந்தி இதழ் கண்ணில் பட்டபோது அவளுக்கு நம்பிக்கை வந்தது. பன்னிரண்டு பாட்டிலிலும் இதழ் இருந்தால் எந்த மனுஷனுக்கும் சந்தேகம் வருமே. ப்ரஹ்லாத் சார் அதை இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் தீசிஸில் ஒரு பத்தி சேர்த்தார். சுற்றுவட்டாரத்து மக்கள் மாதம் தவறாமல் அந்த ஊற்றுக்கு மலர் சாத்தி வழிபடுகிறார்கள் என்று.

கடைசியில் அவளை வீழ்த்தியது வேறு ஒரு பக்கம். தீசிஸின் முன்னால் நன்றி சொல்லும் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு வந்து காட்டினார். வழிகாட்டிக்கும் மனைவிக்கும் அடுத்தபடியாக, "மாதிரிகளை ஆண்டு முழுவதும் பேணிக் காத்த திருமதி யசோதா கோவிந்தராஜன் அவர்களுக்கு" என்று இருந்தது. ரேஷன் கார்டையும் ஓட்டர் கார்டையும் தவிர அவள் பெயர் அச்சில் வந்ததில்லை. அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவளுக்கு நிற்கப் பிடிக்கவில்லை.

நிபுணர்கள் வருவதற்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை மத்தியானம் ப்ரஹ்லாத் சார் ஒத்திகை பார்த்தார். கேட்பதற்கு ஆள் வேண்டும் என்று யசோதாவை முதல் வரிசையில் உட்கார வைத்தார். முப்பது நிமிஷம் பேசிவிட்டு, நிபுணர்களிடம் கேட்பதுபோலவே, "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்றார்.

யசோதா எழுந்தாள். "ஒரே ஒரு சந்தேகம் சார். என்ன நீங்க வேலய வுட்டு அனுப்பிட்டா நான் இன்னா பண்றதுன்னு."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். சர்க்குலர், ஈரக்குப்பை, வாழைக்கன்று கட்டின ஆட்டோ, பந்தி, சாமந்தி எதையும் விடவில்லை. "பன்னெண்டு மாசமும் ஒரே சனிக்கெழம சார்," என்று முடித்தாள்.

ப்ரஹ்லாத் சார் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பன்னெண்டுமா?" என்றார்.

"பன்னெண்டும் சார்."

"அப்போ நான் போட்ட அந்த நாலும்கூட..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்திக்கொண்டார்.

யசோதாவுக்கு ஜன்னல் கட்டையில் காய்ந்த காலண்டர் துண்டுகள் ஞாபகம் வந்தன. ஓரத்தோடு ஓரம் பொருந்தின நாலு துண்டு. ஜூன், ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர்.

"எந்த நாலு சார்?" என்றாள். குரலில் அட்டெண்டர் போய் மர்பி டவுன் வந்துவிட்டது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜூனில் பரீட்சை டியூட்டி, ஜூலையில் மழை, ஆகஸ்டில் மச்சினிச்சி கல்யாணம். செப்டம்பரில் ஒருநாள் போய் நாலு பாட்டிலையும் ஒரே தடவையில் ரொப்பிக்கொண்டு வந்துவிட்டார். நாலு மாதமும் ஒன்றுபோல இருந்தால் மாட்டிக்கொள்வோமே என்று பயந்துகொண்டுதான் எண்ணவே உட்கார்ந்தார். பன்னிரண்டும் ஒன்றுபோல இருக்கக் கண்டதும் சாமுண்டியம்மனே தன்னைக் காப்பாற்றிவிட்டாள் என்று நினைத்தாராம்.

"சாமுண்டி இல்ல சார், யசோதா," என்றாள் அவள். சொன்ன பிறகு சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள், அதில் பாதி அழுகை.

சிரித்து ஓய்ந்ததும் ப்ரஹ்லாத் சார் குரலைத் தாழ்த்தினார். "யசோதம்மா, இது நம்ம ரெண்டு பேருக்கு மட்டும்தானே தெரியும்?"

"எங்க வூட்டுக்காரருக்குத் தெரியும் சார். அதனால அல்சூர் ஆட்டோ ஸ்டாண்டுக்கே தெரியும்."

அதற்கு மேல் வழி இல்லை. இரண்டு பேரும் சீதாலட்சுமி மேடம் அறைக்குப் போய் வரிசையாக நின்றார்கள். அவரும் சொன்னார், இவளும் சொன்னாள். மேடம் கேட்கக் கேட்க உதட்டை இறுக்கிக்கொண்டே போனார்.

"யசோதா, நீ யாரைக் கேட்டு அதைக் கழுவினே?"

எழுத்து எழுதின எந்தக் காகிதத்தையும் யசோதா எறிந்ததில்லை என்பதை முன்பே சொன்னேன். மடித்து வைத்திருந்த சர்க்குலரை எடுத்து மேஜைமேல் பிரித்து வைத்தாள். "சும்மா ஞாபகத்துக்கு மேடம்," என்றாள்.

சீதாலட்சுமி மேடம் தன்னுடைய கையெழுத்தைத் தானே வெகுநேரம் பார்த்தார். பழைய பாட்டில்கள், நாற்றமெடுக்கும் பொருள்கள். பிறகு அதை மடித்து டிராயருக்குள் போட்டுக்கொண்டு, மாதிரிகள் பயன்படுத்தும் நிலையில் இல்லை, ஆய்வு மீண்டும் ஒரு வருஷம் நடக்கும் என்று ஒரு கடிதம் எழுதச் சொன்னார். அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. யசோதா கதவுவரை போனபோது, "ஜூன்ல வந்து கையெழுத்து வாங்கிக்கோ," என்றார். "இனிமே எதைக் கழுவறதா இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கழுவு."

வெளியே வந்ததும் யசோதா ஒரு நிபந்தனை போட்டாள். "இந்தத் தபா கொல்லக் கூடாது சார். அங்கியே தட்டுல எண்ணிட்டு வுட்டுடலாம்." பேரை உறுதிசெய்ய வகைக்கு ஒன்று போதும் என்று ப்ரஹ்லாத் சார் யோசித்துப் பார்த்து ஒத்துக்கொண்டார். அந்த ஒரே ஒரு பாட்டில் இப்போது மேடத்தின் அலமாரியில் பூட்டப்பட்டிருக்கிறது. சாவி யசோதாவிடம் இருக்கிறது.

ஏப்ரலில் கோட்டுக்காரர்கள் முப்பது பேர் இருந்தார்கள், ரவுடி ஒருத்தனும் இல்லை. மே மாதம் நத்தை ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கிடந்தது. கோடு போட்ட நோட்டு போய் ப்ரஹ்லாத் சாரின் கிராஃப் மேடும் பள்ளமுமாகிவிட்டது. "என்ன யசோதம்மா இது, ஒரு ஒழுங்கே இல்ல," என்று அவர் புலம்பினார்.

"இந்தப் பந்தி நான் பரிமாறினது இல்லியே சார்," என்றாள் அவள்.

ஜூனில் கையெழுத்து கிடைத்த வாரத்துச் சனிக்கிழமை மழைத் தூறலில் மூன்று பேரும் ஊற்றுக்குப் போனார்கள். கோவிந்தராஜன் குடை பிடித்தார், ப்ரஹ்லாத் சார் வலை பிடித்தார், யசோதா தட்டில் எண்ணினாள். கோட்டுக்காரன் ஒன்றே ஒன்றுதான் வந்தான். ஒருவேளை தப்பாக வாரிவிட்டோமோ என்று கல்லைப் புரட்டிப் பார்த்தாள். கல்லுக்கடியில் வரிசையாக நாற்பது ஐம்பது கோட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. எல்லாம் காலி. உள்ளே இருந்தவர்கள் சிறகு முளைத்துப் போய்விட்டார்கள். பாறை இடுக்கில் மங்கலான பூச்சிகளாக அடுக்கி உட்கார்ந்து, மழை விடக் காத்திருந்தார்கள்.

ப்ரஹ்லாத் சார் நனைந்த பாறையில் பொத்தென்று உட்கார்ந்தார். இதுதான் அவர் பரீட்சை டியூட்டி என்று வராமல் விட்ட மாதம்.

"போன ஜூன்ல நான் வந்திருந்தா இத அப்பவே பாத்திருப்பேன் யசோதம்மா," என்றார்.

யசோதா அந்த ஒற்றைக் கோட்டுக்காரனைத் தட்டோடு ஓடையில் தாழ்த்தி, அவன் கல்லைப் பிடித்துக்கொள்ளும்வரை பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"வந்து புடிச்சிருந்தாலும் நான் கழுவி ஊத்திருப்பேன் சார், வுடுங்க," என்று சொல்லிவிட்டு, நோட்டில் ஜூனுக்கு நேராகப் பென்சிலால் ஒன்று என்று எழுதினாள்.